பதினெட்டு வழவழப்பான கைகள்

ஒரு பேட்டரிப் பெட்டியைக் கண்டுபிடிக்க ஒன்பது பேர் வேண்டுமா என்று கேட்டால் அந்தக் கல்லூரியில் சிரிப்பார்கள். சிதம்பரத்துக்கும் கீரப்பாளையத்துக்கும் நடுவே இருக்கும் பொறியியல் கல்லூரி. பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அங்கே ஒன்பது என்பது ரொம்பக் கம்மி. போன வருடம் வாழைப்பழம் உரிக்கும் கருவி ஒன்றுக்குப் பதினாறு பேர் கண்டுபிடிப்பாளர்கள். அதில் மூன்று பேருக்குத் தாங்கள் அதைக் கண்டுபிடித்த செய்தியே வாட்ஸ்அப்பில்தான் வந்து சேர்ந்தது.

'கடல்நீரால் கெடாத மின்கலப் பெட்டியும் அதைச் செய்யும் முறையும்' என்ற காப்புரிமை விண்ணப்பத்தில் முதல் பெயர் கல்லூரி முதல்வர் சுப்பராயலு. இரண்டாவது தாளாளர். மூன்றாவது தாளாளரின் மனைவி; அந்த அம்மாளுக்கும் பேட்டரிக்கும் உள்ள உறவு டிவி ரிமோட்டோடு சரி. பிறகு துறைத் தலைவர்கள் நான்கு பேர். எட்டாவது இளவரசு, முதல்வரின் மச்சான், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். கடைசி வரியில் ஒன்பதாவதாக மணவாளன். விண்ணப்பத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை எழுதியவன் அவன்தான். திருடியவனும் அவன்தான் என்றால் அவனுக்குக் கோபம் வரும். தன்னை அவன் வெறுமனே எழுதித் தருகிறவனாகத்தான் நினைத்திருந்தான்.

பதினோரு வருடமாக மின்னியல் துறையில் உதவிப் பேராசிரியர். கீரப்பாளையத்தில் அப்பா நெல் விளைத்துப் படிக்க வைத்த பிள்ளை. வருடத்துக்கு இரண்டு விண்ணப்பம் போடாத ஆசிரியரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று கல்லூரியில் விதி. விண்ணப்பம் போட்டு அது அரசு இதழில் வெளியானாலே கல்லூரிக்குத் தர மதிப்பெண் கிடைக்கும். உள்ளே சரக்கு இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதனால் எல்லோரும் போட்டார்கள். மணவாளனுக்கு எழுத வரும் என்பதால் எல்லோருக்கும் அவனே எழுதினான்.

ஆனால் பேட்டரிப் பெட்டியின் உள்ளே சரக்கு இருந்தது. அதுதான் வினை.

பதினான்கு மாதங்களுக்கு முன் கல்லூரியில் கண்காட்சி நடந்தபோது, மூன்றாம் ஆண்டு மாணவி சினேகா ஒரு மரப்பெட்டியோடு வந்தாள். கூடவே அவள் அப்பா சக்கரபாணி, கடலூர் முதுநகரை அடுத்த சோனாங்குப்பத்து மீனவர். கடலுக்குப் போகாத நாட்களில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். படகில் விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் வைக்கிற பேட்டரி, உப்புத்தண்ணீர் பட்டு ஆறே மாதத்தில் முனையெல்லாம் பச்சை பூத்துச் செத்துப்போகும். சக்கரபாணி பழைய மின்ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பிரித்து, நல்ல செல்களைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கி, முந்திரிக்கொட்டை எண்ணெயை ஏதோ பக்குவத்தில் காய்ச்சிப் பூசியிருந்தார். கொட்டையின் ஓட்டிலிருந்து இறங்கும் கறுப்பு எண்ணெய் அது. மரப்படகுக்கு எல்லோரும் பூசுவதுதான்; பேட்டரிக்குப் பூசியது அவர் மட்டும்தான். கண்காட்சியில் பெட்டியை உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி வைத்து, வெளியே ஒரு பல்பை எரியவிட்டார். மூன்று நாளும் பல்பு அணையவில்லை.

முதல்வர் அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். "உங்க பேர்ல பேட்டன்ட் வாங்கித் தர்றது எங்க பொறுப்பு" என்று மைக்கில் சொன்னார். போட்டோ எடுத்ததும் பொன்னாடையை அவர் தோளிலிருந்து உருவிக்கொண்டார்கள், அடுத்த விருந்தினருக்குப் போர்த்த வேண்டுமாம். மேடையை விட்டு இறங்கிய கையோடு முதல்வர் மணவாளனிடம், "இதைப் போட்டுடு. நம்ம ஆளுங்க பேரு லிஸ்ட்டு சாயந்திரம் அனுப்பறேன்" என்றார்.

சினேகாவின் ப்ராஜெக்ட் அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு மணவாளன் விண்ணப்பத்தை எழுதினான். அவள் பெயர் பட்டியலில் இல்லை. மாணவர் பெயர் சேர்ந்தால் ஆசிரியர்களின் மதிப்பெண் குறையும். எண்ணெயைக் காய்ச்சும் பக்குவத்தை மட்டும் அவள் அறிக்கையில் எழுதவில்லை. "அப்பா அத மட்டும் யாருக்கும் சொல்றதில்ல சார்" என்றிருந்தாள். அந்த இடத்தில் மணவாளன் 'தக்க முறையில் பதப்படுத்தப்பட்ட எண்ணெய்' என்று போட்டுக் கடந்துவிட்டான்.

சென்னைக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆய்வறிக்கை வந்தது. வாழைப்பழக் கருவிக்கு வந்த அறிக்கையைப்போல இதையும் கிடப்பில் போட்டிருக்கலாம். ஆனால் கல்லூரிக்குத் தரம் பார்க்க வரும் குழு இந்த முறை, போட்ட விண்ணப்பம் எத்தனை என்று கேட்காமல் கிடைத்த காப்புரிமை எத்தனை என்று கேட்கப்போவதாகச் செய்தி. கல்லூரி போட்டது இருநூற்றுப் பன்னிரண்டு. கிடைத்தது ஒன்றுகூட இல்லை. கிடைக்கிற யோக்கியதை இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுக்குத்தான்.

முதல்வர் அறையில் கூட்டம். நடுவில் ஒரு தட்டு மெதுவடை. முதல்வர் வடை தின்ற விரலாலேயே அறிக்கையைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்ப் பொட்டு விழுந்தது. அறிக்கை கேட்டிருந்தது நியாயமான கேள்வி. தக்க முறை என்றால் எந்த முறை? எதனோடு சேர்த்து, எவ்வளவு நேரம் காய்ச்சுவது? எப்படிப் பூசுவது? இதைப் படித்து இன்னொருவர் செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் இல்லையே?

"சொல்லுங்கப்பா" என்றார் முதல்வர், ஸ்டேப்ளர் கம்பியால் பல் குத்திக்கொண்டே. "எப்படிப் பண்ணோம்?"

கண்டுபிடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு துறைத் தலைவர் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். எப்படிப் பண்ணோம் என்று அந்த மனுஷன் வாய் கூசாமல் கேட்டது மணவாளனுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடு அவனும் ஒரு வடையை எடுத்துக்கொண்டான்.

"அந்த மீன்காரன்கிட்ட கேட்டுக்கினு வா" என்றார் முதல்வர்.

"அவரு யாருக்கும் சொல்றதில்லையாம் சார்."

"நீ அவம் பொண்ணுக்கு கைடு தானே? வாத்தியாரு கேட்டா சொல்லாம எங்க போவான்?"

கடையை விட்டுவிட்டு வந்திருந்த இளவரசு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மாமா சொல்றது கரெக்டு. பக்குவம் மட்டும் கெடைக்கட்டும் சார், மத்தத நான் பாத்துக்குறேன். கடலூர்ல மட்டும் எத்தினி படகு இருக்குது தெரியுமா?"

மறுநாள் காலை மணவாளன் சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினான். போகாமல் இருந்திருக்கலாம். சக்கரபாணி சொல்ல மறுத்துவிட்டார் என்று வீட்டிலிருந்தபடியே ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். கல்லூரிக்காகக் கூசாமல் எத்தனையோ பொய் எழுதியவனுக்கு, கல்லூரிக்கு எதிராக ஒரு சின்னப் பொய் வாயில் வரவில்லை. அவர் சொல்ல மாட்டார், நான் வெறுங்கையோடு திரும்புவேன் என்று பஸ்ஸில் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனான்.

சக்கரபாணி வீட்டுக்குப் பின்னால், மணலில் கல் அடுப்புப் போட்டு இரும்பு வாணலி வைத்திருந்தார். இவனைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தார்.

"வாங்க சார், வாங்க! குப்பு, சாரு வந்துக்கிறாரு பாரு! என்னா சார், நம்ம பேட்டன்ட் வந்துடுச்சா?"

மணவாளனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினான்கு மாதமாக அந்த மனிதர் காத்திருந்திருக்கிறார். கல்லூரி கொடுத்த பாராட்டுச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

"இன்னும் வரலீங்க. சென்னையிலேருந்து கேள்வி கேட்டிருக்காங்க. எண்ணெய எப்படிக் காய்ச்சறதுன்னு சொல்லணுமாம்."

"கவர்மென்ட்ல கேக்குறாங்களா?"

"ஆமா." அது பொய்யில்லை. இதுதான் மணவாளனின் சாமர்த்தியம். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்.

சக்கரபாணி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "எம் மச்சானுக்குக்கூட நான் சொன்னதில்ல சார். ஆனா நம்ம பேருக்குக் குடுக்கறதுக்கு முன்னால அவுங்க கேக்கத்தானே செய்வாங்க. நீங்க பொண்ணுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறவரு. உங்ககிட்ட என்னா மறைக்கிறது? எழுதிக்கிங்க."

மணவாளன் போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டான்.

அவர் ஒன்று விடாமல் சொன்னார். எண்ணெயைச் சிறுதீயில் நுரை அடங்கும் வரை விட வேண்டும். அடங்கியதும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, எட்டுக்கு ஒரு பங்கு. சுண்ணாம்பு சேராத எண்ணெய் செம்புக் கம்பியைத் தின்றுவிடும். கரண்டியால் தூக்கினால் கம்பியாக இழுபடாமல் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், அதுதான் பதம். வெதுவெதுப்பு இருக்கும்போதே பூசிவிட வேண்டும்.

"பிரஷ்ஷாலயா?"

"பிரஷ்ஷு ஆவாது சார். கோடு வுழும், கோட்டு வழியா உப்பு ஏறிடும். வெறுங்கையாலதான் தடவணும். கிளவுசு போட்டீங்கன்னா மண்ணு ஒட்டியிருந்தா தெரியாது. ஒரு பொடி மண்ணு போதும், ஆறு மாசத்துல பேர்த்துக்கும். வெரலுக்குத் தெரியும் சார்."

சொல்லிவிட்டுக் கைகளை விரித்துக் காட்டினார். மணவாளன் அதற்குமுன் அந்தக் கைகளைச் சரியாகப் பார்த்ததில்லை. உள்ளங்கை முழுக்கக் கறுத்து, தோல் செதில் செதிலாக உரிந்து, உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். விரல் இடுக்கில் நீர் கோத்த கொப்புளங்கள்.

"மொத தபா பண்ணப்ப ரெண்டு கையும் வெந்துபோச்சு. பதினஞ்சு நாளு சோறு பெசைய முடியல. சினேகாதான் ஊட்டி வுட்டுது. சுண்ணாம்பு போட்டா கொஞ்சம் கொறையும், ஆனா வேவத்தான் செய்யும்."

சக்கரபாணியின் மனைவி குப்பு அவனைச் சாப்பிடாமல் விடவில்லை. வஞ்சிரக் குழம்பு ஊற்றினாள். தொண்டையில் இறங்காது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். நாக்குக்கு வெட்கம் கிடையாது. சினேகா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். "எங்க அப்பா பேருதான முதல்ல இருக்கும் சார்?" என்று கேட்டாள். அவன் வாயில் சோறு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான். அதுதான் அவன் அன்றைக்குச் சொன்ன முதல் நேர்ப்பொய்.

கல்லூரிக்குத் திரும்பி எல்லாவற்றையும் எழுதினான். எட்டுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, சொட்டுப் பதம், வெறுங்கைப் பூச்சு. 'எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்' என்ற ஒரு வரியையும் சேர்த்திருந்தான். முதல்வர் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"புண்ணாக்கும்னு எழுதினா எவன்யா குடுப்பான்? எல்லாத்துக்கும் போடற மாதிரி போடு. சுற்றுச்சூழலுக்கு உகந்தது. தோலுக்கு இதமானது."

"சார், முந்திரி எண்ணெய்..."

"இயற்கை எண்ணெய்தானே? அப்புறம் என்னா?"

சுப்பராயலுவுக்கு ஊர் சிதம்பரம். முந்திரியை வறுத்து உப்புப் போட்டுத் தட்டில் வைத்துப் பார்த்தவரே தவிர, ஓட்டோடு பார்த்ததில்லை. மணவாளன் திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'தோலுக்கு இதமானது' என்று தட்டச்சு செய்து, ஒன்பது பேர் சார்பாகப் பதிலை இணையத்தில் ஏற்றினான். முதல்வர் என்றைக்காவது மாட்டிக்கொள்ளட்டும் என்று அந்த ஒரு வரியை அப்படியே விட்டதில் அவனுக்கு உள்ளூர ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. அந்த வரிக்கு மேலே சக்கரபாணியின் பக்குவம் முழுசாக ஏறிப்போனதை அவன் அப்போது நினைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, காப்புரிமை அலுவலக அதிகாரியோடு வீடியோவில் விசாரணை. ஒன்பது பேரும் வந்தாக வேண்டும் என்று முதல்வர் உத்தரவு போட்டிருந்தார். தாளாளரின் மனைவி பட்டுப்புடவையில் வந்திருந்தார். நீள மேசையில் எல்லோரும் கல்யாண போட்டோவுக்கு உட்காருவதுபோல நெருக்கி உட்கார்ந்தார்கள். ஏசி அறை முழுக்க அத்தர் வாசனை.

திரையில் வந்த அதிகாரி இலக்கியா என்பவர். நாற்பது வயது இருக்கும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். பதிலில் தந்த பக்குவம் எதுவும் முதலில் தந்த விண்ணப்பத்தில் இல்லை, இல்லாததைப் பிறகு கொண்டுவந்து சேர்க்கச் சட்டம் இடம் தராது என்றார். முதல்வர் "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்று தலையாட்டினார். அவருக்கு அது புரியவில்லை. மணவாளனுக்குப் புரிந்தது. பக்குவத்தைப் பிடுங்கியது விண்ணப்பத்துக்கே உதவாது. ஒரு பிரயோஜனமும் இல்லாமல் பிடுங்கியிருக்கிறோம்.

அதிகாரி ஒரு பக்கத்தைத் திருப்பினார். அதற்குப் பிறகு தமிழில் பேசினார்.

"தோலுக்கு இதமானதுன்னு எழுதியிருக்கீங்க. எண்ணெயைக் கையால தடவுனது யாரு?"

"நான்தான் மேடம்" என்றார் சுப்பராயலு. "டீம் ஒர்க்குதான், ஆனா மொதல்ல தடவுனது நான்."

"எப்படி இருந்துச்சு?"

"சூப்பரா இருந்துச்சு மேடம். தேங்காயெண்ணெய் மாதிரி வழுவழுன்னு. வீட்டுல பாத்துட்டு, மொகத்துக்குக்கூடப் பூசலாம் போலிருக்கேன்னாங்க."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. திரையில் இருந்தவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அண்ணாகிராமம் பக்கம்ங்க. எங்க அம்மா இருபத்தெட்டு வருஷம் முந்திரிக்கொட்டை உடைச்சாங்க. அந்த எண்ணெய் பட்டுப் பட்டு அவுங்க வெரல்ல ரேகையே கெடையாது. ரேஷன் கடை மெஷின்ல வெரல வெச்சா, ஆளே இல்லன்னு காட்டும். நீங்க உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்."

முதல்வர் ஒரு கணம் முழித்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார், மூன்று மோதிரத்தோடு. அவர் தூக்கியதைப் பார்த்து, தங்களையும் கேட்டதாக நினைத்துத் தாளாளர் தூக்கினார். அவர் மனைவி வளையல் குலுங்கத் தூக்கினார். துறைத் தலைவர்கள் தூக்கினார்கள், இளவரசு தூக்கினார். மணவாளனின் கைகளும் தாமாக எழுந்தன. திரையின் மூலையில் சின்னச் சதுரத்துக்குள் தங்கள் பிம்பத்தை அவன் பார்த்தான். பதினெட்டுக் கைகள், ஒரு கீறல் இல்லாமல், வழவழவென்று. அதில் தன்னுடையவை எவை என்று அவனுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சீ என்றிருந்தது.

"இதைச் செஞ்சவங்க யாரு?" என்றார் அதிகாரி.

"மணவாளன், நீ சொல்லுப்பா" என்று முதல்வர் அவனைத் தள்ளிவிட்டார்.

"சோனாங்குப்பம் சக்கரபாணி" என்றான் மணவாளன். "செஞ்சது அவருதான் மேடம். அவரு பேரு இதுல இல்ல. நாங்க யாரும் எதுவும் செய்யல."

முதல்வரின் கை பாய்ந்து மடிக்கணினியை மூடியது. மூடி என்ன? சொன்னது சொன்னதுதான்.

பிறகு நடந்ததுதான் மணவாளன் எதிர்பார்க்காதது. ஒன்றும் நடக்கவில்லை. கத்துவார்கள், வேலையிலிருந்து தூக்குவார்கள் என்று அவன் வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட உத்தரவு வந்த அன்று முதல்வர் அவனைக் கூப்பிட்டு, "போனா போவுது விடு. பப்ளிஷ் ஆனப்பவே நமக்கு பாயின்ட் வந்துடுச்சு. ஜாஸ்தி பேசாத, அடுத்ததுக்கு நாலு தலைப்பு குடு" என்றார். தன் வீரத்துக்கு அங்கே ஒரு அடி வாங்கும் மரியாதைகூடக் கிடைக்கவில்லை என்பது மணவாளனுக்கு மனசை உறுத்தியது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பதினாறு மாதம் மென்று விழுங்கிவிட்டு, அவன் பேசியது மூன்று நான்கு வாக்கியம். அதற்கே அவனுக்கு ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு சோனாங்குப்பத்துக்குக் கிளம்பினான். போகும் வழியில் முதுநகரில் அரைக் கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டான். இனிப்பு!

சக்கரபாணி அடுப்படியில் இருந்தார். இந்த முறை எழுந்து வரவில்லை. சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சான்றிதழ் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. சினேகா வாசலில் நின்றாள்.

மணவாளன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். ஒன்பது பெயரைச் சொன்னான், தன் பெயரையும் சொன்னான். அதிகாரியிடம் உண்மையைச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே சொன்னான். விண்ணப்பம் தள்ளுபடி, இனி அவர்கள் இந்தப் பெட்டியைத் தங்களுடையது என்று சொல்ல முடியாது என்றான்.

"அப்போ எங்க அப்பாவுக்குக் குடுப்பாங்களா?" என்றாள் சினேகா.

"கஷ்டம்மா. கண்காட்சியில எல்லாருக்கும் காட்டியாச்சு. பக்குவமும் சென்னைக்கு அனுப்புன பதில்ல வெளிய வந்துடுச்சு. சம்மதமில்லாம வெளியானதுன்னு சொல்லிப் போராட சட்டத்துல ஒரு வழி இருக்குது. வக்கீல் வெக்கணும். நிச்சயம்னு சொல்ல முடியாது."

"வெளிய வந்துடுச்சுன்னு சொல்றீங்களே, யாரு சார் கொண்டாந்தது?"

கேட்டுவிட்டு அவள் உள்ளே போய் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினாள். மீன் இறங்குதளத்தில் கொடுத்ததாம். பளபளக்கும் தாளில் ஒரு பெட்டியின் படம், கீழே 'முந்திரிக் கவச படகு பேட்டரி, ஐந்து வருட உத்தரவாதம்', அதற்கும் கீழே இளவரசுவின் கடை முகவரி. காகிதம் போனால் என்ன, பக்குவம் கையில் இருக்கிறதே. அன்றைக்கு முதல்வர் ஏன் கத்தவில்லை என்பது மணவாளனுக்கு இப்போதுதான் விளங்கியது. கையில் இருந்த இனிப்புப் பையை அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

சக்கரபாணி அப்போதுதான் வாய் திறந்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று மணவாளனுக்குத் தோன்றியது.

"நேத்து போய்ப் பாத்தேன் சார் அந்தக் கடையில. பிரஷ்ஷால அடிச்சிக்கினு இருக்கானுங்க. சொட்டுப் பதமும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆறு மாசத்துல பேர்த்துக்கும். நடுக்கடல்ல வெளக்கு அவியும், வயர்லெஸ்ஸு செத்துப்பூடும். அப்போ நம்ம ஆளுங்க என்னா சொல்லுவாங்க? முந்திரி எண்ணெய்ப் பெட்டியே ஏமாத்துன்னுவாங்க. எம் பெட்டியையும் சேத்துத் தூக்கிப் போடுவாங்க. அவங்களுக்குத் தெரியுமா எது யாரு பண்ணதுன்னு?"

மணவாளன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மன்னிச்சிடுங்க என்று வந்தது, பாதியில் நின்றது.

"மன்னிப்பு கெடக்குது சார். அவங்க தடவறது தப்புன்னு நாலு பேருக்கு எடுத்துச் சொல்லணும். படிச்சவரு சொன்னா கேப்பாங்க. சரியாத் தடவுனா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?" அவர் வாணலியை இறக்கி மணலில் வைத்தார். கறுப்பு எண்ணெயில் ஆவி பறந்தது. பக்கத்தில் புதுப்பெட்டி ஒன்று திறந்திருந்தது, செல்கள் அடுக்கியபடி. "பதமாத்தான் இருக்குது. உக்காருங்க. ஒரு பக்கம் நீங்க தடவுங்க, ஒரு பக்கம் நான் தடவறேன்."

கேலியாகச் சொல்கிறாரா என்று மணவாளன் அவர் முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. அவர் நிஜமாகவே இடம் ஒதுக்கிக்கொடுத்து நகர்ந்து உட்கார்ந்து, விரலை எண்ணெயில் தோய்த்து, ஒரு முனையின் மேல் மெல்ல இழுத்தார். மணல் இருக்கிறதா என்று விரல் தடவித் தேடியது. கண்ணை மூடிக்கொண்டார்.

சினேகா மணவாளனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரு பதினைந்து நாள் சோறு பிசைய முடியாது, அவ்வளவுதான். திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது, கரும்பலகையில் எழுத வேண்டும், அடுத்ததற்கு நாலு தலைப்பு கொடுக்க வேண்டும் என்று மனசு கணக்காக எடுத்துக் கொடுத்தது. இனிப்புப் பை மணலில் விழுந்தது. இரண்டு கைகளும் போய் பேன்ட் பாக்கெட்டுக்குள் புகுந்துகொண்டன.

சக்கரபாணி கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு பெட்டியைத் தன் பக்கம் முழுசாக இழுத்து வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கத்தையும் அவரே தடவ ஆரம்பித்தார்.